வயதுப் பிரிவு

கொடைக்கானலில் தண்ணீருக்குக் குறைவில்லை, இறங்கத்தான் இடம் கிடையாது. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி ஊருக்கு நடுவே நட்சத்திர வடிவில் கிடக்கிறது. அதில் படகு விடலாம். சுற்றிலும் சைக்கிள் மிதிக்கலாம், குதிரையேறிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், சுட்ட சோளத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்றுகொண்டே வேடிக்கை பார்க்கலாம். நீந்தக் கூடாது. அனுமதித்தாலும் யார் இறங்குவார்கள் என்பது வேறு விஷயம். 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தை ஏரி மீனிலும் வண்டலிலும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஊர் இது. வெள்ளி அருவியின் முன்னால் வேனை நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள். தலையாறு அருவியை டம்டம் பாறையில் நின்று, பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பதோடு சரி. போதாததற்குக் குளிர். ஜனவரிக் காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது.

இந்த ஊரில் இருந்துகொண்டுதான் நீச்சல் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர்ஸ் மீட் என்பார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் பெயர் கொடுக்கலாம். போட்டி சென்னை வேளச்சேரியில், 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய நீச்சல் வளாகத்தில். கடைசியாக நான் போட்டியில் நீந்தியது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. நடுவில் ஏறக்குறைய முப்பது வருஷம்.

விஷயத்தைச் சொன்னதும் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, “டாக்டர் சொன்னாரா?” இரண்டாவது, “உடம்பு குறைக்கவா?” இந்த இரண்டும் இல்லை என்றால் முகத்தில் ஒரு குழப்பம் வருகிறது. நாற்பது தாண்டிய பெண் தண்ணீரில் இறங்குவதற்கு முட்டி வலி ஒரு காரணம், சர்க்கரை ஒரு காரணம். வேகமாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கே சில காலைகளில் வருவதில்லை.

சொந்த ஊர் மலைக்குத் தெற்கே, தேவதானப்பட்டிப் பக்கம். மஞ்சளாறு பழனி மலையை விட்டு இறங்கி வையையைத் தேடிப் போகிற இடம். நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். சித்தப்பா இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிவிட்டார். கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலே வந்தால் அவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். பயிற்சி என்பது அவ்வளவுதான். சில நாளில் குடுக்கை போனது, அப்புறம் கயிறு போனது. மோட்டார் ரூம் கூரையிலிருந்து கடப்பாரை மாதிரி நேராகக் குதிப்போம். தம் கட்டி முங்கி, அடி மண்ணை ஒரு பிடி அள்ளி வந்து காட்டினால்தான் நீச்சல் தெரிந்த ஆள் என்று ஒப்புக்கொள்வார்கள். காது விண்ணென்று வலிக்கும். கையை விரித்துக் காட்டும்போது பாதி மண் கரைந்து போயிருக்கும். அதற்கும் சண்டை நடக்கும்.

இந்த மண்ணெடுக்கும் விளையாட்டு புறநானூற்றில் இருக்கிறது, 243ஆம் பாட்டு. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். கோலூன்றி நடக்கிற, இருமலுக்கு நடுவே பேசுகிற ஒரு முதியவர், ஒரு காலத்தில் மருதமரக் கிளையேறி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை எடுத்து வந்ததை நினைத்து ஏங்குகிறார். கல்லூரியில் பாடமாகப் படித்தபோது கண் கலங்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கிழவரிடம் எனக்கொரு வழக்கு இருக்கிறது. நீந்தியதை நினைத்துப் பார்ப்பவராகத்தான் அவர் நமக்குக் கிடைத்திருக்கிறார். இன்னும் நீந்திக்கொண்டிருக்கிற முதியவர் ஒருவரை நான் அந்தப் பாட்டுகளில் சந்தித்ததில்லை. பரிபாடலில் வையைப் புதுவெள்ளத்தில் ஆணும் பெண்ணும் ஆடித் தீர்க்கிறார்கள், அங்கேயும் காதலர்கள்தான். பேரன் எடுத்தவர்கள் கரையில் நிற்க வேண்டும் போலிருக்கிறது.

நான் கரைக்கு வந்தது பன்னிரண்டு வயதில். வயதுக்கு வந்ததும் கிணறு முடிந்தது. யாரும் தடை போடவில்லை. “இனிமே என்னத்தா கெணத்துல?” என்று அப்பத்தா ஒரு தடவை கேட்டார், அதுவே போதுமாக இருந்தது. பிறகு மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது பி.டி. டீச்சர் ஒருவர் “யாருக்கு நீச்சல் தெரியும்?” என்று கேட்க, கை தூக்கினேன். பள்ளி அணி, மாவட்டப் போட்டி, ஒன்றிரண்டு சான்றிதழ். அப்புறம் பத்தாம் வகுப்பு.

தமிழ்நாட்டில் விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். எங்கள் தலைமுறைக்கு நீச்சல் என்றால் குற்றாலீசுவரன் முகம்தான். 1966இல் மிஹிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து நீரிணைகளையும் கால்வாய்களையும் நீந்தியதை, 1994இல் ஆறு கடந்து முந்தியவர். அப்போது பள்ளிச் சிறுவன். 1996இல் அர்ஜுனா விருது. சில ஆண்டுகளில் நீச்சலை விட்டுப் பொறியியல் படிப்புக்குப் போனார். 2019இல் இதே மலையடிவாரத் தேனியைச் சேர்ந்த பத்து வயது ஜெய் ஜஸ்வந்த் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பத்தரை மணி நேரத்தில் நீந்தி வந்தபோது எங்கள் பக்கமெல்லாம் அதே பேச்சு. சிறுவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாட நமக்கு நன்றாகத் தெரியும். சாதிக்காத, நடுத்தரமாக நீந்துகிற பையனும் பெண்ணும் பதினைந்து வயதில் நிறுத்துவது செய்தியே கிடையாது. டியூஷன் நேரமும் பயிற்சி நேரமும் ஒன்றாக வரும், அவ்வளவுதான். பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளையின் டியூஷன்.

பெரியவர்களிலும் நாம் பெயர் தெரிந்து வைத்திருப்பது கடலைக் கடந்தவர்களைத்தான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் ஒரு வழக்கறிஞர். 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரை விட்டார். ஐதராபாத்தின் சியாமளா கோலி நாற்பது தாண்டி நீச்சல் கற்று, 2021 மார்ச்சில் அதே பாக் நீரிணையைக் கடந்தார். பெரிய மனிதர்கள். ஆனால் அவர்களைப் பார்த்து எனக்குத் தண்ணீரில் இறங்கத் தோன்றியதில்லை. முப்பது கிலோமீட்டர் கடல் ஒரு பக்கம், முட்டி வலி இன்னொரு பக்கம். நடுவில் ஐம்பது மீட்டர் நீந்துகிறவளுக்கு என்ன இருக்கிறது?

அந்த நடுப்பகுதிக்கு ஓர் ஏற்பாடு செய்தவர் ரான்சம் ஆர்தர் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர். வயதானவர்களை உடற்பயிற்சி செய்யச் சொன்னால் நாலு நாள் செய்வார்கள், போட்டி வைத்தால் தொடர்ந்து செய்வார்கள் என்பது அவர் கணக்கு. 1970 மே மாதம் டெக்சாஸின் அமரில்லோவில் முதல் போட்டி நடந்தது. 1986இல் டோக்கியோவில் உலக மாஸ்டர்ஸ் போட்டி. ஏற்பாட்டின் சூட்சுமம் வயதுப் பிரிவில் இருக்கிறது. 25 முதல் 29, 30 முதல் 34 என்று ஐந்தைந்து வருஷமாக மேலே போய்க்கொண்டே இருக்கும், உச்சவரம்பு கிடையாது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. முட்டி வலிக்காக எண்பது வயதுக்கு மேல் தண்ணீரில் இறங்கிய ஜப்பானின் மியெக்கோ நாகாவோக்கா, 2015இல் நூறு வயதில் 1500 மீட்டரை ஒரு மணி 15 நிமிடம் 54 நொடியில், மல்லாந்தபடியே நீந்தி முடித்தார். அந்த வயதில் அந்தத் தூரத்தை முடித்த முதல் ஆள். பாருங்கள், அங்கேயும் முட்டி வலிதான் ஆரம்பம். ஆனால் முட்டி வலியோடு நிற்கவில்லை.

விதிகளைப் படித்துப் பார்த்தேன், சுவாரசியமாகவே இருந்தன. மேடையிலிருந்து டைவ் அடிக்க முடியாதவர் தண்ணீருக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். பட்டர்ஃப்ளையில் காலை டால்பின் உதையாக அடிக்க இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் பிரெஸ்ட்ரோக் உதை அடிக்கலாம். முன்னால் முடித்தவர் கரையேற அவசரப்படாமல், நடுவர் சொல்லும்வரை தன் லேனிலேயே மிதந்துகொண்டு கடைசி ஆள் வருவதைப் பார்க்கலாம். இதெல்லாம் சலுகை. ஒலி வருமுன் அசைந்தால் எழுபது வயதானாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் தாட்சண்யம் கிடையாது. எனக்குப் பிடித்தது இந்தத் தாட்சண்யமின்மைதான். நம் வீடுகளில் நடுவயதுப் பெண் எதைச் செய்தாலும் ‘இந்த வயசுல இவ்வளவு செய்யறாங்களே’ என்று பாராட்டுவார்கள். ஸ்டாப்வாட்ச் அப்படிப் பேசாது.

பயிற்சி மதுரையில். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, காமக்காபட்டி செக்போஸ்ட் என்று இறங்கி, வத்தலக்குண்டு வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம். காது இரண்டும் அடைத்து அடைத்துத் திறக்கும். தங்கை வீட்டில் படுத்து, சனி ஞாயிறு காலையில் குளம், ஞாயிறு மாலை திரும்ப மலை. வார நாளில் மேலே தண்ணீர் கிடையாது. ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, முன்னால் குனிந்து நின்று இரண்டு கையாலும் பின்னுக்கு இழுக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, “அக்கா, பால் கறக்குற மாதிரியே இருக்கு” என்றாள்.

உயரத்தில் வாழ்வது நீச்சலுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டி 2,240. அங்கே 1500 மீட்டரில் தங்கம் வென்ற மைக் பர்ட்டன் எடுத்துக்கொண்ட நேரம் 16 நிமிடம் 38.9 நொடி. சில வாரங்களுக்கு முன் கடலோர லாங் பீச்சில் அவரே போட்ட உலக சாதனை 16 நிமிடம் 8.5 நொடி. அரை நிமிடத்தை மலை எடுத்துக்கொண்டது. காற்றில் ஆக்சிஜன் விகிதம் எங்கேயும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒரு மூச்சில் உள்ளே போவது குறைகிறது. உடம்பு அதற்குப் பழகி, ரத்தச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்து ஈடுகட்டப் பார்க்கும். ஆக, மேலே வாழ்ந்து கீழே பயிற்சி எடுத்தால் லாபம் என்று ஒரு கொள்கை. பெஞ்சமின் லெவினும் ஜிம் ஸ்ட்ரே-கண்டர்சனும் ஓட்டக்காரர்களை 2,500 மீட்டர் உயரத்தில் தங்கவைத்து 1,250 மீட்டரில் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997இல் வந்தது. 5000 மீட்டர் ஓட்டத்தில் சில நொடிகள் குறைந்தன.

நான் பஸ் டிக்கெட்டில் அதைத்தான் செய்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்ளலாம். உண்மையில் சனிக்கிழமை காலை முதல் நாலு லென்த் கொஞ்சம் தாராளமாக மூச்சு விட முடிகிறது. ஐந்தாவதில் நாற்பத்தைந்து வயது வந்து கூட நீந்த ஆரம்பிக்கிறது. சிவப்பணு தருவதைவிட நான் திரும்புகிற இடத்தில் தொலைப்பது அதிகம். சுவரைத் தொட்டு, மூச்சு வாங்கி, ஒரு கை எடுத்து, உடம்பைத் திருப்பி, உதைக்கிறேன். அதற்குள் பக்கத்து லேன் சிறுமி ஒரு குட்டிக்கரணத்தில் திரும்பிப் பாதி தூரம் போய்விடுகிறாள்.

கோச் இளைஞர், என் மகன் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர். முதல் நாள் ஒரு லென்த் நீந்தச் சொல்லி ஓரமாகக் கூடவே நடந்து வந்தவர், முடித்ததும் குனிந்து கேட்டார்: “மேடம், கிணத்து நீச்சலா?”

“எப்படித் தெரிஞ்சது?”

“தலை வெளியவே இருக்கு. யாரையோ தேடற மாதிரி.”

பள்ளி அணிக்கென்று பழகிய ஸ்டைலெல்லாம் முப்பது வருஷத்தில் உதிர்ந்து, அடியில் கிணறு மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது. கிணற்றில் தலையை வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும். மேலேயிருந்து யார் தலையில் குதிப்பார்கள் என்று பார்க்க வேண்டும், தண்ணிப் பாம்பு எந்த இடுக்கில் என்று பார்க்க வேண்டும். நாலு வீச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடும். கிணற்றில் தூரம் கிடையாது, ஆழம்தான். போட்டிக் குளத்தில் ஆழத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடியில் ஓடுகிற கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி நேராகப் போக வேண்டும். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் இழுபடும், தண்ணீர் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். அதைவிடக் கஷ்டம் மூச்சு. கிணற்றில் தம் கட்டியே பழகிய உடம்பு, முகம் தண்ணீருக்குள் போனதும் வாயைப் பூட்டிக்கொள்கிறது. கோச் சொல்வது நேர்மாறு: உள்ளே இருக்கும்போதே மூக்கால் விட்டுக்கொண்டே இரு, வெளியே வரும்போது வாங்குவதற்கு மட்டும் வாய். சுவர் ஓரமாகக் குழந்தைகளோடு நின்று, முகத்தை அமிழ்த்திக் குமிழி விட்டுப் பழகினேன். என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்ட ஒரு யுகேஜி மாணவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்தான். இன்னமும் வலப்பக்கம்தான் மூச்சு எடுக்க வருகிறது. எங்கள் கிணற்றின் படிக்கட்டு அந்தப் பக்கம் இருந்ததாலோ என்னவோ.

டைவ் பற்றிக் கோச் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், மாஸ்டர்ஸில் உள்ளேயிருந்தே ஸ்டார்ட் எடுக்கலாம், தலைவலி வேண்டாம் என்று. மேடையின் உயரம் அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் வரை. மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்தவளுக்கு அது உயரமே இல்லை. ஆனால் அது கால் முதலில் போகிற குதிப்பு, இது தலை. விரல் நுனியால் மேடையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நிற்கும்போது தொடை நடுங்குவது கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். வயிறு தட்டையாக விழுந்து சிவந்துபோன காலைகள் உண்டு. இருந்தாலும் மேடையிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். விதி தருகிற எல்லாச் சலுகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லையே.

விண்ணப்பத்தில் என்ட்ரி டைம் என்று ஒரு கட்டம். எந்த ஹீட்டில், எந்த லேனில் நிறுத்துவது என்று முடிவு செய்ய அது வேண்டும். பள்ளிச் சான்றிதழைத் தேடியெடுத்துப் பார்த்தேன், இரண்டாமிடம் என்று இருக்கிறது, நேரம் போடவில்லை. அந்தக் காலத்தில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோச் ஒரு சனிக்கிழமை கையில் வாட்சோடு நின்று எடுத்த நேரத்தைத்தான் நிரப்பினேன். அதை இங்கே சொல்லப்போவதில்லை. ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல், நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல், ஐம்பது மீட்டர் பிரெஸ்ட்ரோக் மூன்றுக்கும் டிக் அடித்தேன். ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டிவிட்டார், பீடியை விட்டுவிட்டார்.

“எம்புட்டுத் தூரம்?”

“அம்பது மீட்டர், சித்தப்பா.”

“அதுக்கா மெட்ராஸ் வரைக்கும் போற? நம்ம கெணத்துலயே குறுக்க மறுக்க நாலு தடவ போனா ஆச்சு.”

கிணறு இப்போது வறண்டு, பக்கத்தில் போர் போட்டு, சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. அது அவருக்கும் தெரியும்.

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா. அதே போட்டிக்கு வருகிறாராம், என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். ரிலேக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், நாலாவது ஆள் வேண்டும். மாஸ்டர்ஸ் ரிலேயில் நாலு பேர் வயதையும் கூட்டித்தான் பிரிவு. 160 முதல் 199 வரை ஒன்று, 200 முதல் 239 வரை அடுத்தது. 199இல் மாட்டிக்கொண்டால் நாற்பது வயதுக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஓரிரு வயது கூடினால் அடுத்த பிரிவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம். என் நேரம் என்ன, எத்தனை வருஷமாக நீந்துகிறேன், எந்த ஸ்ட்ரோக் என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஒங்களுக்கு என்ன வயசு?”

“டிசம்பர் வந்தா நாப்பத்தாறு.”

அந்தப் பக்கம் பேனாவால் எழுதிக் கூட்டுகிற சத்தம் கேட்டது. “எங்க மூணு பேருக்கும் சேத்து நூத்தம்பத்தஞ்சு. ஒங்களோட இருநூத்தி ஒண்ணு. போதும் மேடம், நீங்க கண்டிப்பா வந்துருங்க.”